கல்லென்று நினைத்தோம்



விடுமுறை நாட்களில் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம் என்னும் கேள்வியைச் சென்ற திங்கள் இப்பகுதியில் எழுப்பியிருந்தோம். பிறருக்கு அறிவுரை கூறுவோர் அதை முதலில் தம் வீட்டில் செய்து பார்க்க வேண்டும் அல்லவா? ஆகவே மே மாதத்தில் ஒரு வார நாளன்று, நாங்கள் குடும்பத்தோடு மண்டபம் சென்று, அன்றிரவே வீடு திரும்பினோம். அங்குள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மீன் காட்சியகத்தையும் அருங்காட்சியகத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுவதே எங்கள் நோக்கம். மீன்களைப் பார்க்கப் போனோம். எங்கள் வீட்டைப் பற்றியே இதுவரை அறியாதிருந்த ஒன்றை அறிந்து திரும்பினோம். அதனையே இத்திங்கள் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

விடியற்காலை இரயிலில் மதுரையிலிருந்து புறப்பட்டோம். நாங்கள் இருவர், எட்டாம் வகுப்பு முடித்த மகள், ஐந்தாம் வகுப்பு முடித்த மகன், எழுபத்தைந்து வயதான எங்கள் தந்தையார் என ஐவர். தூக்குச் சட்டிகளில் புளியோதரையும் தயிர்ச்சோறும் அவித்த முட்டைகளும் இருந்தன. மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் என்று நிலையங்கள் கடந்து சென்றன. உச்சிப்புளிக்கு அப்பால், கடல் கண்ணுக்குத் தெரியுமுன்பே, தந்தையார் சன்னலுக்கு வெளியே முகத்தைத் திருப்பி, “சோழகம் எழும்பிட்டுது” என்றார். தென்காற்றுக்கு அவர் ஊரில் வழங்கும் பெயர் அது.

தந்தையாரைப் பற்றி இங்கே சிறிது கூற வேண்டும். தூத்துக்குடிக் கரையிலுள்ள சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். 1961-இல் அக்கடலில் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பைச் சிறுவனாகக் கரையில் நின்று கண்டவர். வாலிபத்தில் கடலோடு பிழைத்தவர். எங்கள் அன்னையார் இறைவனடி சேர்ந்த பின்னர், எங்களோடு உள்நாட்டில் வந்து தங்கியிருக்கிறார். ஊரைவிட்டு வந்த நாள் முதலாய் அவருடைய பேச்சுக் குறைந்துவிட்டது. அன்று அந்த இரயிலில்தான் பல மாதங்களுக்குப் பின் அவர் தாமாகவே பேசத் தொடங்கினார்.

மண்டபம் ஓர் ஒடுங்கிய நிலமுனை. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் ஏழைத் தொழிலாளரைத் தங்கவைத்து நோய்ச் சோதனை செய்த முகாம் இங்கே இருந்தது. அதனால்தான் ‘மண்டபம் கேம்ப்’ என்னும் பெயர் இரயில் நிலையத்துக்கு இன்றும் நிலைத்திருக்கிறது. 1947-இல் தொடங்கப்பட்ட கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் இவ்வூரில் பல்லாண்டுகள் இயங்கி, பின்னர் கொச்சிக்கு மாற்றப்பட்டது. மண்டபம் இப்போது அதன் மண்டல மையமாக விளங்குகின்றது.

நாங்கள் சென்றது மீன்பிடித் தடைக்காலம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், நம் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் தொழிலுக்குச் செல்வதில்லை. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக விடப்படும் ஓய்வு இது. கரையோரம் படகுகள் வரிசையாக நின்றன. சிலவற்றுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். நிழலில் அமர்ந்து சிலர் வலை பழுது பார்த்தார்கள். “எங்கள் நாளில் இந்தத் தடை கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை எவனும் கடலில் இறங்க மாட்டான். பூசைக்குப் போவோம். அன்றைக்கு மீனும் பிழைத்துக் கிடக்கும்” என்றார் தந்தையார். ஆண்டவரின் நாளை அனுசரிப்பது மனிதனுக்கு மட்டுமே ஓய்வு தருவதன்று; மனிதன் கைவைக்கும் எல்லாவற்றுக்குமே அது ஓய்வு என்பதை, மறைக்கல்வி வகுப்பில் கேட்டதைவிடத் தெளிவாக அந்தப் படகுகளின் முன்னே பிள்ளைகள் கேட்டார்கள்.

தொட்டிகளின் முன்னே

காட்சியகத்துள் நுழைந்ததும் இளையவன் எங்கள் கையை உதறிவிட்டு ஓடினான். கடற்சாமந்தியின் கைகளுக்குள் புகுந்து புகுந்து வெளிவரும் கோமாளி மீனை விட்டு அவன் நகரவே இல்லை. கடற்சாமந்தி பூவன்று, விலங்கு. அதன் கைகளில் நஞ்சு உண்டு. மற்ற சிறு மீன்களுக்கு மரணமாகும் அந்தக் கைகளே கோமாளி மீனுக்கு வீடு. வீட்டுக்கு வாடகையாகக் கோமாளி மீன் அதனைக் கடிக்க வரும் பிற மீன்களை விரட்டுகின்றது.

மகளைக் கவர்ந்தது கடற்குதிரை. கடற்குதிரை இனத்தில் தாய் தன் முட்டைகளைத் தந்தையின் வயிற்றிலுள்ள பையில் இட்டுவிடுகிறது. அவற்றைச் சுமந்து காத்துக் குஞ்சுகளாக வெளியிடுவது தந்தையே. இதை அங்கிருந்த இளம் பணியாளர் ஒருவர் விளக்கியபோது, இல்லத்தரசியார் எங்களை ஒரு பார்வை பார்த்தார். அப்பார்வையின் பொருளை இதை வாசிக்கும் தாய்மார்கள் அறிவார்கள், விளக்கம் வேண்டியதில்லை.

மீனை வலைவீசிப் பிடிப்பதை மட்டுமே அறிந்த தந்தையாருக்கு வேறொரு செய்தி வியப்பூட்டிற்று. கடல் விரால் என்னும் பெருமீனை 2010-இல் இம்மையத்தார் முட்டையிடச் செய்து, குஞ்சு பொரிக்க வைத்து, இந்தியாவிலேயே முதன்முதலாக அதில் வெற்றி கண்டார்கள். “மீனை விதைக்கவும் கற்றுவிட்டார்களா!” என்று அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

பாலூட்டும் கடற்பசு

அருங்காட்சியகத்தில் எங்களை நெடுநேரம் நிறுத்தியது கடற்பசு. இராமநாதபுரக் கரையினர் இதை ஆவுளியா என்பர். மீனைப் போன்ற உருவம், ஆனால் மீனன்று. நுரையீரலால் மூச்சுவிட்டு, கடலடியில் வளரும் புல்லை மேய்ந்து, குட்டி ஈன்று, பாலூட்டி வளர்க்கும் விலங்கு. ஓராண்டுக்கும் மேலாகக் கருவைச் சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனும். குட்டி ஓராண்டுக்கும் மேலாகத் தாயைப் பிரியாது பாலுண்ணும். அடுத்த குட்டி பிறக்கச் சில ஆண்டுகள் செல்லும். ஆகவே ஒரு தாயைக் கொன்றால் அந்த இழப்பை ஈடுசெய்ய அவ்வினத்துக்கு நெடுங்காலம் வேண்டும். இறைச்சிக்காக இவற்றை வேட்டையாடியே ஏறத்தாழ அழியும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோம். 1960-களில் இதே மண்டபத்தில் இரண்டு கடற்பசுக்களைத் தொட்டியிலிட்டு, கடற்புல் கொடுத்துப் பல்லாண்டுகள் வளர்த்திருக்கிறார்கள்.

2022-ஆம் ஆண்டு செப்டம்பரில், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் நீரிணைப் பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைக் கடற்பசுக் காப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நம் நாட்டில் கடற்பசுவுக்கென அமைந்த முதற் காப்பகம் இதுவே. தம் வலையில் சிக்கிய கடற்பசுவை வலையை அறுத்து விடுவிக்கும் மீனவருக்கு வனத்துறையினர் பரிசளித்துப் பாராட்டுகிறார்கள். ஒரு வலையின் விலை என்னவென்று கடற்கரைக் குடும்பங்களுக்குத் தெரியும். அந்த வலையை ஒரு விலங்குக்காக அறுப்பவர் செய்வது சிறிய தியாகமன்று.

சுவரில் கண்ட பூக்கள்

இதற்கு அடுத்தபடியாகப் பவளப்பாறைகள் வைக்கப்பட்டிருந்த கண்ணாடிப் பேழையின் முன் வந்தோம். இளம் பணியாளர் பிள்ளைகளைக் குனிந்து பார்க்கச் சொன்னார். வெண்ணிறக் கல்லின்மேல், ஊசியால் குத்தியதுபோல ஆயிரமாயிரம் சிறு நட்சத்திரப் பூக்கள். “இதைக் கல் என்று நினைக்கிறீர்கள் அல்லவா? ஒவ்வொரு பூவும் ஓர் உயிர் குடியிருந்த வீடு” என்றார் அவர்.

அவர் கூறியதைச் சுருக்கித் தருகிறோம். பவளம் என்பது மிகச் சிறிய உயிரினம். கடல்நீரிலுள்ள சுண்ணாம்பை எடுத்துத் தன்னைச் சுற்றி ஒரு கிண்ணத்தைக் கட்டிக்கொள்கிறது. அதன் உடலுக்குள் கண்ணுக்குப் புலப்படாத பாசி ஒன்று குடியிருந்து, கதிரவன் ஒளியில் உணவு சமைத்துத் தான் குடியிருக்கும் உயிருக்கும் பகிர்ந்தளிக்கிறது. பவளத்தின் நிறமெல்லாம் பெரும்பாலும் அப்பாசி தந்ததே. ஒரு தலைமுறை கட்டிய கிண்ணத்தின்மேல் அடுத்த தலைமுறை கட்டுகிறது. பெரும் பாறையாக வளரும் இனங்கள் ஓராண்டில் வளர்வது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். சிலவற்றில் அதனினும் குறைவு. மன்னார் வளைகுடாவில் மட்டும் 117 வகைப் பவளங்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. உலகக் கடலடியில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத பவளப்பாறைகளை நம்பி, கடலுயிர்களில் நாலில் ஒரு பங்கு வாழ்கின்றன. மீன் குஞ்சுகளுக்கு அவை தொட்டில். கரைக்கு அவை மதில். கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடாகும்போது, உள்ளிருக்கும் பாசியைப் பவளம் வெளியேற்றிவிடுகிறது, பாறை வெளுத்துப்போகிறது. சூடு நீடித்தால் மடிந்துபோகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் நம் கடலிலேயே இவ்வாறு நேர்ந்தது.

பிள்ளைகள் வாய்திறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்களோ அந்த நட்சத்திரப் பூக்களையே நோக்கிக்கொண்டிருந்தோம். அவற்றை இதற்குமுன் எங்கேயோ கண்டிருக்கிறோம் என்று உள்ளம் கூறிற்று. திடீரென்று நினைவு வந்தது. எங்கள் பூர்வீக வீட்டின் சுவர்! மழையில் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடங்களிலெல்லாம் இதே பூக்கள் தெரியும். இரவில் குடும்பச் செபமாலை சொல்லும்போது, பிள்ளைகளாகிய நாங்கள் மணிகளை உருட்டுவதை விட்டுச் சுவரோரம் அமர்ந்து, இருட்டில் அந்தப் பூக்களை விரலால் எண்ணிக்கொண்டிருப்போம். அன்னையாரிடம் அதற்காகக் குட்டு வாங்கியதும் உண்டு.

“அப்பா, இது நம் வீட்டுச் சுவரில்...” என்று திரும்பினோம். தந்தையார் பேழையின் முன் இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். “ஆமாம். முருகைக் கல்” என்றார். வேறொன்றும் பேசவில்லை.

தாத்தாவின் தொழில்

நண்பகல் உணவுக்குப் பின் தென்கடற்கரைக்குச் சென்று ஒரு மரநிழலில் அமர்ந்தோம். தொலைவில் தீவுகள் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தன. பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் பெயரைச் சொன்னதும், “நம் தெருமுனைக் குருசடி போலவா?” என்று மகள் கேட்டாள். தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே இத்தகைய 21 தீவுகள் உண்டு என்றும், 1986-இல் அவை யாவும் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன என்றும் கூறினோம். அப்போதுதான் தந்தையார் பேசினார்.

“இருபத்தொன்று இப்போது இல்லை. பத்தொன்பதுதான். பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் முங்கிப் போய்விட்டன.”

“தீவு எப்படித் தாத்தா முங்கும்?” என்றான் இளையவன்.

“சுற்றியிருந்த கல்லை எடுத்துவிட்டார்கள். அலை வந்து மண்ணை அரித்துக்கொண்டு போய்விட்டது.”

“யார் எடுத்தது?”

தந்தையார் உடனே மறுமொழி கூறவில்லை. மணலைக் கையில் அள்ளி மெல்ல உதிர்த்தார். “நானும்தான் எடுத்தேன், ராசா” என்றார்.

அதன்பின் அவர் கூறியவற்றை எங்கள் பிராயத்தில் அன்றுதான் முழுமையாகக் கேட்டோம். பதினெட்டு வயது முதல் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக, மீன்பாடு இல்லாத நாட்களில் அவர் கல்லெடுக்கும் வேலைக்குச் சென்றார். விடியுமுன் வல்லத்தில் புறப்பட்டுத் தீவோரம் சேருவார்கள். இடுப்பளவு நீரிலும், சில இடங்களில் மூழ்கியும், கடப்பாரையால் பாறையைப் பெயர்ப்பார்கள். வல்லம் நீர்மட்டம் வரை தாழும் அளவுக்குக் கல் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். வீடு கட்டவும், சாலை போடவும், சுண்ணாம்புக் காளவாயில் சுடவும், ஆலைகளின் தேவைக்கும் அந்தக் கல் போயிற்று. கால் வெட்டுப்படாத நாளில்லை. கூலி குறைவு, ஆனால் அன்றைய அடுப்பெரிய அது போதும். அவருடைய இரு தங்கையரின் திருமணமும் அந்தக் கூலியில்தான் நடந்தது. நாங்கள் மழலைப் பள்ளியில் சேர்ந்தபோது வாங்கிய முதல் பலகையும் சட்டையும் அந்தக் கூலியில் வாங்கியவையே.

“அது உயிரென்று உங்களுக்குத் தெரியாதா தாத்தா?”

“கல்லென்று நினைத்தேன். கடலில் விளைகிற கல். எடுத்தால் மறுபடி விளைந்துவிடும் என்று நினைத்தோம். எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம்.”

சிறுவன் கடலைப் பார்த்தான். பிறகு தாத்தாவின் காலிலிருந்த பழைய தழும்பைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் அவரருகே நகர்ந்து உட்கார்ந்துகொண்டான்.

பாவமா, இல்லையா?

திரும்பும் இரயிலில் பிள்ளைகள் உறங்கிவிட்டார்கள். தந்தையார் தாழ்ந்த குரலில் எங்களிடம் கேட்டார்: “அறுபது வருடத்துக்கு மேலாகப் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். இதை ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ?”

ஞானோபதேச வகுப்பில் படித்ததை நினைவுகூர்ந்து விடை கூறினோம். ஒரு செயல் சாவான பாவமாவதற்குக் கனமான காரியம், முழு அறிவு, முழு மனச்சம்மதம் என்னும் மூன்றும் வேண்டும். நீங்கள் அறியாமல் செய்தீர்கள், வயிற்றுக்காகச் செய்தீர்கள். அந்தக் கல்லால் வீடு கட்டிக் குடியிருந்தவர்களும், ஆலை நடத்திப் பொருள் சேர்த்தவர்களும், தடுக்க வேண்டிய காலத்தில் தடுக்காதவர்களும் எத்தனையோ பேர். கடப்பாரை பிடித்தவர்மேல் மட்டும் பழியைச் சுமத்துவது நீதியாகாது. இவ்வாறெல்லாம் சொல்லி, நல்ல விடை கூறிவிட்டதாக எண்ணிக்கொண்டோம்.

தந்தையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பாவம் இல்லை என்றால் சரி. ஆனால் தீவும் இல்லையே” என்றார்.

இந்த ஒரு சொல் அன்று முதல் எங்கள் உள்ளத்தை விட்டு அகலவில்லை. குற்றம் இல்லையென்று ஆனபின்பும் இழப்பு இருக்கிறது. அறியாமை நம்மைக் குற்றத்திலிருந்து விடுவிக்கலாம். உடைந்ததை அது ஒட்டவைப்பதில்லை. நம் திருச்சபையின் முறையிலும், மனம் வருந்துதல், பாவத்தை அறிக்கையிடுதல் ஆகிய இரண்டோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. பரிகாரம் என்று ஒன்றையும் வைத்திருக்கிறார்கள் அல்லவா? அயலானின் வேலியைத் தெரியாமல் இடித்துவிட்டவன், தெரியாமல் இடித்தேன் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. மறுநாள் முள்ளும் கயிறுமாக வந்து நிற்கிறான். அதுவே பரிகாரம்.

நம் கடலிலும் பரிகாரம் தொடங்கியிருக்கிறது. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அதற்குப் பின் சில ஆண்டுகளில் கல்லெடுப்பும் நின்றது. தூத்துக்குடிக்கு எதிரே ஆண்டுக்காண்டு சுருங்கிவந்த வான் தீவைக் காக்க, 2015-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செயற்கைப் பாறைக் கட்டமைப்புகளைக் கடலில் இறக்கினார்கள். அழிந்த பாறைகளின்மீது பவளக் கிளைகளைப் பதியமிட்டு வளர்க்கும் பணியும் நடந்து வருகிறது. சென்டிமீட்டர் கணக்கில் வளர்வதை மீண்டும் வளர்ப்பவர்கள் தம் வாழ்நாளில் பலனை முழுமையாகக் காணப்போவதில்லை. பேராலயங்களுக்கு அடிக்கல் நாட்டியவர்களும் அப்படித்தானே!

நாம் அறிந்திருக்கிறோம்

திருநூலின் முதல் அதிகாரத்தைப் பிள்ளைகளோடு மீண்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஆண்டவர் ஆசி வழங்கினார் என்று முதன்முறையாகச் சொல்லப்படுவது மனிதனைக் குறித்தன்று. ஐந்தாம் நாளில் படைக்கப்பட்ட நீர்வாழ் உயிர்களும் பறவைகளுமே அந்த முதல் ஆசியைப் பெறுகின்றன. பெருகும்படி அவற்றுக்குத்தான் முதலில் கட்டளை பிறக்கிறது. மனிதனுக்குரிய ஆசி அதன் பின்னர்தான் வருகிறது. 1542-இல் புனித சவேரியார் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து கரையோரம் நடந்து மறையுரைத்தார் என்று பெருமையோடு கூறுகிறோம். அவர் நடந்த கரையை அன்று அந்த ஆசி பெற்ற உயிர்களின் மதில் காத்து நின்றது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் சுற்றுமடலில் பவளப்பாறைகளின் அழிவைக் குறித்தும் தனியே கவலை தெரிவித்திருக்கிறார். இயற்கைக்கு எதிராகச் செய்யும் குற்றத்தைப் பாவமென்றே கொள்ள வேண்டும் என்னும் மறைமுதுவர் பர்த்தலமேயுவின் கருத்தையும் அம்மடலில் எடுத்துக்காட்டியிருக்கிறார். எங்கள் தந்தையார் தம் இருபதாம் வயதில் இவற்றைப் படித்ததில்லை. படிக்க அன்று இவை எழுதப்பட்டிருக்கவும் இல்லை. அவர் கல்லென்று நினைத்தார். நாம் அவ்வாறு நினைத்தோம் என்று கூற இனி வழியில்லை. நமக்குத் தெரியும். தெரிந்த பின் செய்வதற்குத்தான் கணக்குக் கேட்கப்படும்.

உள்நாட்டில் வாழும் நாம் கடலுக்கு என்ன செய்துவிட முடியும் என்று சிலர் கேட்கலாம். சில சிறு காரியங்களைக் குறிப்பிடுகிறோம்.

திருத்தலங்களுக்கும் கடற்கரை ஊர்களுக்கும் செல்லும்போது, அழகுப் பொருளென்று பவளத் துண்டோ கடற்குதிரையோ எவரேனும் விற்றால் வாங்காதீர்கள். அவற்றை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம். விலை கிடைக்கும்வரை எடுப்பவரும் இருப்பார்கள்.

தடைக்காலத்தில் மீன் விலை ஏறுகிறதே என்று முணுமுணுக்காதீர்கள். தவக்காலத்தில் இறைச்சியை விடுவது போல, அந்த நாட்களில் மீனைக் குறைத்துக்கொள்ளலாம். வருமானமின்றி வீட்டிலிருக்கும் மீனவக் குடும்பங்களையும் அன்று நினைவில் கொள்ளுங்கள்; கடலின் ஓய்வுக்கு விலை கொடுப்பவர்கள் அவர்களே. சந்தையில் விரலளவுக் குஞ்சு மீன்களைக் குவித்து விற்றால் விலகிச் செல்லுங்கள்.

பங்குத் திருவிழாவில் உணவு பரிமாறிய நெகிழித் தட்டுகளும் குவளைகளும் வாய்க்காலில் சேராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். வாய்க்காலுக்கும் கடைசியில் கடல்தான்.

இவை எல்லாவற்றிலும் மேலாக, இத்தகைய இடங்களுக்குச் செல்லும்போது வீட்டிலுள்ள முதியோரையும் அழைத்துச் செல்லுங்கள். காட்சியகத்துப் பலகையில் எழுதப்படாத வரலாறு அவர்களிடம் இருக்கிறது. அவர்கள் தம் பிழையைச் சொல்ல நேர்ந்தால், குறுக்கே பேசித் தேற்ற முயலாமல் முழுவதையும் கேளுங்கள். நாங்கள் இரயிலில் செய்த தவறு அதுதான். சிறுவன் எங்களைவிட நன்றாகச் செய்தான். அருகே நகர்ந்து உட்கார்ந்தான்.

அன்றிரவு வீடு சேர நெடுநேரமாயிற்று. களைப்பினால் செபமாலையில் ஒரு பத்துமணி மட்டும் சொல்லி முடித்துவிடலாம் என்று அமர்ந்தோம். முடிவில் வழக்கம்போல மரித்த அன்னையாருக்காக ஓர் அருள் நிறைந்த மரியே சொன்னோம். எழுந்திருக்கப் போனபோது தந்தையார் கையமர்த்தினார். “இன்னும் ஒன்று” என்றார். “யாருக்காகத் தாத்தா?” என்றாள் மகள்.

“பாருக்காக” என்றார் அவர். கடலடிப் பாறையை அவர் ஊரில் பார் என்பார்கள்.

பிள்ளைகள் சிரிக்கவில்லை. முழந்தாளிட்டுச் சொன்னார்கள். அன்று முதல் எங்கள் வீட்டுக் குடும்பச் செபத்தில் அந்த ஒன்று கூடியிருக்கிறது.

அடுத்த திங்கள், பள்ளி திறந்தபின் வீட்டில் எழும் வழக்கமான போராட்டங்களைப் பற்றிப் பேசுவோம். ஆண்டவரின் ஆசி உங்கள் இல்லங்களில் தங்குவதாக!